வரிச்சிக்குடியின் வரிக்கணக்கு

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளாதாரம்)

எங்கள் ஊர்ப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளே ‘வரி’ என்று அமைந்துவிட்டதால், வகுப்பில் பொதுநிதியியல் பாடம் தொடங்கிய நாள் முதல் நண்பர்கள் என்னை விடுவதில்லை. “வரிச்சிக்குடிக்காரரே, வரியைப் பற்றி நீர் சொல்லும்” என்பார்கள். கேலியாகக் கேட்டதையே கட்டுரைப் பொருளாக எடுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றிற்று. எடுத்துக்கொண்டேன்.

கேள்வி மிகவும் எளியது. ஊருக்கும் அரசுக்கும் நாம் கொடுக்கும் வரிக்கு ஈடான பயன் நமக்குக் கிடைக்கிறதா? தேநீர்க் கடையில் கேட்டால், “ஒன்றும் கிடைக்கவில்லை” என்று விடை வரும். அரசின் அறிக்கைகளைப் புரட்டினால், எல்லாம் கிடைத்துவிட்டது போலத் தோன்றும். இரண்டுமே முழு உண்மை ஆக மாட்டா. காரைக்கால் மாவட்டத்தில் கோட்டுச்சேரி கொம்யூனைச் சேர்ந்த வரிச்சிக்குடியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கூட்டியும் கழித்தும் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரியின் இலக்கணம்

விலைக்கும் வரிக்கும் வேறுபாடு உண்டு. விலை கொடுத்தால் பொருள் உடனே கைக்கு வரும். வரி கொடுத்தால் அதற்கு நேர் ஈடாக எதையும் கேட்க முடியாது. ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட நூலில் நல்ல வரிக்குச் சமத்துவம், உறுதி, வசதி, சிக்கனம் என்னும் நான்கு நெறிகளை வகுத்தார். பின்வந்த அறிஞர்கள் இரண்டு கொள்கைகளைப் பற்றி விவாதித்தனர். பயன் பெறுபவரே வரி கொடுக்க வேண்டும் என்பது பயன் கொள்கை. கொடுக்கும் ஆற்றல் உள்ளவர் அதிகம் கொடுக்க வேண்டும் என்பது திறன் கொள்கை.

பயன் கொள்கையை அப்படியே பின்பற்றினால், மருத்துவமனைக்கு நோயாளியும் பள்ளிக்கூடத்துக்குக் கூலிக்காரரின் பிள்ளையும் வரி கட்ட வேண்டியிருக்கும். ஆகவே, “நான் நூறு ரூபாய் கொடுத்தேன், எனக்கு நூறு ரூபாய்க்கு என்ன வந்தது?” என்று தனி ஒருவர் கணக்குப் பார்ப்பது பொருந்தாது. ஊர் முழுவதற்கும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போதும் தராசுத் தட்டில் வைக்க வேண்டியவை இரண்டு என்பது என் கருத்து. ஒன்று, திரும்பி வரும் பொருளும் பணியும். மற்றொன்று, கணக்குக் கேட்கும் உரிமை. முதலாவது இருந்து இரண்டாவது இல்லையென்றால் வரியின் பயன் பாதிதான். எங்கள் ஊரின் நிலை ஏறத்தாழ அதுவே.

வரி கட்டாதவர் எவர்?

“நாங்கள் என்ன வருமான வரியா கட்டுகிறோம்?” என்று ஊரில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2025-26 நிதியாண்டு முதல், புதிய முறையில், ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வருமான வரி இல்லை. வயல் வேலைக்கும் கடல் தொழிலுக்கும் செல்லும் குடும்பங்கள் அந்த எல்லைக்கு அருகில் கூட இல்லை. ஆனால் அவர்கள் வரி கட்டாதவர்கள் அல்லர்.

2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி, அதாவது ஜி.எஸ்.டி., நடைமுறையில் உள்ளது. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக்கு இந்த வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரியும் சேர்த்து 40 ரூபாய் விலையுள்ள சோப்பில் முன்பு வரி மட்டும் 6 ரூபாய் 10 காசு. இப்போது 1 ரூபாய் 90 காசு. அதே நாளில் சிமெண்டு வரி 28-இலிருந்து 18 விழுக்காடாயிற்று. ஒரு மூட்டையின் விலை 350 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் 53 ரூபாய்க்கு மேல் வரி. கூரை வீட்டை ஓட்டு வீடாகவோ மாடி வீடாகவோ மாற்றும் குடும்பம் எதுவானாலும், அது வரி செலுத்தும் குடும்பமே.

அரிசியிலும் வரி புகுந்துவிட்டது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை எடையுள்ள, பையில் அடைத்து முத்திரையிட்ட அரிசிக்கு 5 விழுக்காடு வரி உண்டு. அதனால்தான் வணிகர்கள் 26 கிலோ சிப்பம் கட்டத் தொடங்கினார்கள். ஒரு கிலோ அரிசியைக் கூட்டிப் போட்டு வரியைத் தவிர்க்கும் இந்த வித்தையை எந்தப் பாடநூலும் கற்றுத் தரவில்லை!

இந்த வரிகளில் ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு கிடையாது. சோப்பு வாங்கும் கூலித் தொழிலாளியும் செல்வரும் ஒரே 1 ரூபாய் 90 காசுதான் தருகிறார்கள். வருமானத்தோடு ஒப்பிட்டால் தொழிலாளி தருவதே பெரிது. எனவே, “எங்களுக்கு என்ன பயன்?” என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எல்லைக் கோடும் வரிப்பணமும்

காரைக்கால் ஒரு தீவு போன்றது. கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. வடக்கே சென்றால் தரங்கம்பாடி, மேற்கே மயிலாடுதுறை, தெற்கே நாகப்பட்டினம். இந்த எல்லைக் கோடு வரிப்பணத்தை இரு திசையிலும் விளையாட வைக்கிறது.

ஜி.எஸ்.டி. வரியில் பாதி மத்திய அரசுக்கு. மறுபாதி, பொருள் நுகரப்படும் மாநிலத்துக்கு. காரைக்கால் கடைத்தெருவில் வாங்கினால் மறுபாதி புதுச்சேரி அரசுக்குச் சேரும். ஆனால் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க நம்மவர்கள் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் செல்கிறார்கள். கடையில் வாங்கிக் கையோடு கொண்டு வரும் பொருளுக்கு, பற்றுச்சீட்டில் வாங்கியவரின் முகவரி இல்லாவிட்டால், கடை இருக்கும் மாநிலத்துக்கே அந்தப் பாதி வரி போய்ச் சேரும். நாம் கொடுத்த வரி நம் ஊர்ச் சாலைக்கு வரவில்லையே என்று வருந்துபவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறுதிசையில் வரும் பணமும் உண்டு. பெட்ரோல், டீசல், மது ஆகியவை ஜி.எஸ்.டி.க்கு உட்படாதவை. புதுச்சேரியில் இவற்றின் மீதான வரி தமிழ்நாட்டை விடக் குறைவு. ஆகவே எல்லைக்கு அப்பாலிருந்து வருபவர்கள் வண்டிக்கு எண்ணெய் நிரப்பிக்கொண்டு செல்கிறார்கள். அவர்கள் செலுத்தும் வரி நம் அரசுக்கு வரவு. மதுவின் மூலம் வரும் கலால் வரியும் புதுச்சேரியின் வருவாயில் ஒரு முக்கியப் பகுதி. ஆனால் இந்த வரவைக் கண்டு முழுவதும் மகிழ்வதற்கில்லை. மதுவினால் கருவூலத்துக்கு வந்ததை எழுதினால் போதாது. அதனால் குடும்பங்கள் இழந்ததையும் மருத்துவமனைகளுக்கு ஆகும் செலவையும் எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டும். அப்போதுதான் அது கணக்கு ஆகும்.

மேலே போன பணம் திரும்பும் வழி

மத்திய அரசு திரட்டும் வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்பதை, அரசியலமைப்பின் 280-ஆம் பிரிவின்படி அமைக்கப்படும் நிதிக்குழு பரிந்துரைக்கிறது. 15-ஆவது நிதிக்குழு, பகிர்வுக்குரிய வரியில் 41 விழுக்காட்டை மாநிலங்களுக்கு என்று சொல்லிற்று. அந்தப் பங்கில் தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காடு. புதுச்சேரிக்கு? ஒன்றுமில்லை. காரணம், புதுச்சேரி மாநிலம் அன்று, ஒன்றியப் பகுதி. அதற்கு மத்திய உள்துறை அமைச்சகத்தின் வழியாக மானியமே வருகிறது.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. ஜி.எஸ்.டி. விகிதங்களை முடிவு செய்யும் மன்றத்தில், சட்டமன்றம் உள்ள புதுச்சேரி ஒரு மாநிலமாகவே எண்ணப்பட்டு வாக்குரிமையும் பெற்றிருக்கிறது. வரியை விதிக்கும் இடத்தில் மாநிலம். வரியைப் பகிரும் இடத்தில் மாநிலம் அன்று! பங்கு என்பது உரிமை; மானியம் என்பது கொடுப்பவரின் முடிவு. இரண்டும் தொகையில் ஒன்றாகவே இருந்தாலும் பொருளில் ஒன்றாகா.

மாநிலங்களுக்கும் குறை இல்லாமல் இல்லை. 2021 பிப்ரவரியில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய அரசின் வரி 32 ரூபாய் 90 காசாக இருந்தது. அதில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே. எஞ்சியவை ‘செஸ்’ என்றும் சிறப்புக் கூடுதல் வரி என்றும் பெயர் பெற்று, பகிர்வுக்கு வெளியே நின்றன. மாநிலங்களுக்குக் குளத்தில் நீர் குறைவு. நமக்கோ அந்தக் குளத்திலேயே மடை இல்லை.

இனி வரவு செலவைப் பார்ப்போம். 2025-26 ஆண்டுக்குப் புதுச்சேரி சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட திட்டத்தின் அளவு 13,600 கோடி ரூபாய். அதில் சொந்த வருவாய் ஏறத்தாழ 7,641 கோடி. மத்திய அரசின் உதவி 3,432 கோடி. கடன் 2,101 கோடி. ஒரு ரூபாயாகச் சுருக்கிச் சொன்னால், நாமே திரட்டுவது 56 காசு, மத்திய அரசு தருவது 25 காசு, கடன் 15 காசு, எஞ்சியது மத்தியத் திட்டங்களுக்கென வரும் நிதி. சொந்த வருவாயில் வரி மட்டுமன்றி மின்கட்டணம் போன்றவையும் அடங்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள் 12,47,953 பேர். காரைக்கால் மாவட்டத்தில் 2,00,222 பேர். 13,600 கோடியை அந்தத் தலைகளால் வகுத்தால் தலைக்கு 1 லட்சத்து 8 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது. அதற்குப் பின் மக்கள்தொகை பெருகியிருப்பதால் உண்மையில் சற்றுக் குறையலாம். எனினும், தொகை சிறியதன்று. இதிலிருந்து சம்பளம், ஓய்வூதியம், வட்டி, கடன் தவணை, வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் ஆகியவற்றுக்குப் போக மீதியே புதிய பணிகளுக்கு என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே, “ஒன்றும் கிடைக்கவில்லை” என்பது சரியான விடை அன்று. கோட்டுச்சேரி கொம்யூனிலேயே, திருவேட்டக்குடியில், 2010-இல் தொடங்கப்பட்ட தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. காரைக்காலில் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் கிளை 2016 முதல் நடைபெறுகிறது. இரண்டும் மத்திய அரசின் நிறுவனங்கள். நாடெங்கும் உள்ளவர்களின் வரிப்பணத்தால் எழுந்தவை. அரசுப் பள்ளிகளும் மருத்துவமனைகளும் புதுச்சேரி அரசின் பணத்தில் நடக்கின்றன. இதை எழுதும் நானும் வாசிக்கும் நண்பர்களும் வரிப்பணத்தில் படிப்பவர்களே. ஆசிரியப் பெருமக்கள் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால், அவர்களுடைய ஊதியமும் அதிலிருந்துதான் என்று பணிவுடன் சேர்த்துக்கொள்கிறேன்.

ஆக, தொகையை மட்டும் நிறுத்தால் தராசு பெரிதும் நம் பக்கம் தாழாவிட்டாலும் வெறுமையாக இல்லை. குறை மற்றொரு தட்டில் இருக்கிறது.

வீட்டு வரி

வரிகளுள் மிகச் சிறியது வீட்டு வரி. ஆனால் நமக்கு மிக அருகில் உள்ளதும் அதுவே. மத்திய அரசின் வரி தில்லிக்குச் செல்கிறது. புதுச்சேரி அரசின் வரி கடற்கரை வழியே நூறு கிலோமீட்டருக்கும் மேல் கடந்து தலைநகருக்குச் செல்கிறது. வீட்டு வரி கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தைத் தாண்டுவதில்லை. தெருவிளக்கு, குப்பை, சிறு வடிகால், உட்சாலை ஆகியவை இந்த வரியோடு தொடர்புடையவை. தொழில் வரியும் உள்ளாட்சிக்கே சேரும். அது ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவு.

காவிரியின் கடைமடையில் இருக்கும் ஊருக்கு வடிகால் என்பது சிறிய செய்தி அன்று. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வாய்க்கால் தூர் வாரப்பட்டதா இல்லையா என்பதைப் பொறுத்தே சம்பா நாற்று நிற்பதும் அழுகுவதும். முற்காலத்தில் இதற்குக் குடிமராமத்து என்ற முறை இருந்தது. ஊரார் தம் உழைப்பையே வரியாகத் தந்து வாய்க்காலை வெட்டினார்கள். அதில் கட்டாயமும் கொடுமையும் கலந்திருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தந்த உழைப்பு எங்கே போயிற்று என்று எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வாய்க்காலில் ஓடும் நீரே அதற்குக் கணக்கு.

இன்றைய வீட்டு வரிக்கு யார் கணக்குச் சொல்வது? மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் சொல்ல வேண்டும். அந்த மன்றத்தின் வரலாறு பெருமையும் வருத்தமும் கலந்தது.

பிரெஞ்சு ஆட்சியில், 1880 மார்ச் 12-ஆம் நாள் ஆணையால் இங்கு கொம்யூன்கள் ஏற்பட்டன. 1907-இல் காரைக்கால் பகுதியின் கொம்யூன்கள் ஆறாயின. கோட்டுச்சேரி அவற்றுள் ஒன்று. ‘மேர்’ என்று அழைக்கப்பட்ட தலைவரும் மன்றமும் இருந்தன. புதுச்சேரியில் நகராட்சிக் கட்டடத்தை இன்றும் ‘மேரி’ என்றே சொல்கிறார்கள். 1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்திய அரசின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படி இணைப்பு நிறைவேறியது. 1968-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 1973-இல் நகராட்சிகளுக்கும், கிராம, கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் தனித்தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. சட்டம் வந்தது, தேர்தல் வரவில்லை. 1993-இல் 73, 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்றன. அப்போதும் உடனே வரவில்லை. 2006-இல்தான், 38 ஆண்டுகளுக்குப் பிறகு, 5 நகராட்சிகளுக்கும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் 98 கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. அதன்பின் பத்தாண்டு கழித்து, 2021-இல், தேர்தல் அறிவிப்பு வெளியாகி, இட ஒதுக்கீடு பற்றிய வழக்கினால் நின்று போயிற்று. ஆணையர்களே நிருவாகம் நடத்துகிறார்கள்.

இதன் பொருளை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் கல்லூரியில் படிக்கும் காரைக்கால் மாணவர் எவரும் ஓர் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களித்தவர் அல்லர். தில்லிக்கு உறுப்பினரை அனுப்ப வாக்கு உண்டு. புதுச்சேரிக்கு அனுப்ப வாக்கு உண்டு. தம் தெருவின் விளக்கைப் பற்றிப் பேச ஒருவரைத் தேர்ந்தெடுக்க வாக்கு இல்லை. எந்த வரி நமக்கு மிக அருகில் இருக்கிறதோ, அந்த வரியின் கணக்குதான் நமக்கு மிகத் தொலைவில் இருக்கிறது.

அண்டை ஊரைப் பாருங்கள்

எல்லைக்கு வடக்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டிலும் 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்த பின், ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அந்த இடைவெளியில் மத்திய அரசு உள்ளாட்சி மானியத்தை நிறுத்தி வைத்தது, இழப்பு ஊர்களுக்கு. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் காலமும் 2025 ஜனவரியில் முடிவுற்றது.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ஆண்டுதோறும் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்தநாள் போன்ற குறிப்பிட்ட நாட்களில் கிராமசபை கூடுகிறது. வரவு செலவு வாசிக்கப்படுகிறது. வாசித்ததை எல்லோரும் கேட்கிறார்களா, கேட்டவர்கள் எல்லோரும் வாய் திறக்கிறார்களா என்பது வேறு செய்தி. எழுந்து நின்று கேட்க ஓர் இடமும் நாளும் குறிக்கப்பட்டிருப்பதே பெரிது.

ஒரு தடைவிடை

“தேர்தல் வந்தால் சாதியும் பணமும் வரும், அதிகாரியின் நிருவாகமே மேல்” என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. பிரெஞ்சுக் காலத்துத் தேர்தல்களில் நடந்த அடிதடிகளும் முறைகேடுகளும் பேர் போனவை. ஆகவே இக்கருத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. நேர்மையும் திறமையும் உள்ள அதிகாரிகள் பலர் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

ஆனால் நல்ல அதிகாரி மாறிப் போனால் நன்மையும் அவரோடு போய்விடும். தீய உறுப்பினரை ஐந்தாண்டில் நாமே மாற்றலாம். மேலும், அதிகாரி கணக்குக் காட்டுவது தமக்கு மேலே இருப்பவருக்கு. உறுப்பினர் கணக்குக் காட்ட வேண்டியது கீழே இருக்கும் நமக்கு. வரி கொடுப்பவர் கீழே இருக்க, கணக்கு மேல்நோக்கிச் செல்வது பொருத்தமா?

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரக் கூடாது என்பது அங்கே விதி. அந்தச் சபை நிலமுடைய பிராமணர்களின் சபை. உழுதவருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. அந்தக் குறையை நாம் களைந்துவிட்டோம். எல்லோருக்கும் வாக்கு என்றோம். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டி வைத்த கணக்கு விதியை ஊரளவில் கைநழுவ விட்டுவிட்டோம்.

நாம் செய்யக்கூடியவை

தேர்தல் நடத்துவது நம் கையில் இல்லை. கேட்பது நம் கையில் இருக்கிறது. அதற்கு மூன்று வழிகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால், முப்பது நாட்களுக்குள் விடை தர வேண்டும். நம் ஊரில் சென்ற ஆண்டு திரட்டிய வீட்டு வரி எவ்வளவு, ஊருக்குச் செலவழித்தது எவ்வளவு என்ற இரண்டே கேள்விகள் போதும். பொருளாதார மாணவர்கள் ஊருக்கு ஒருவராக இதைச் செய்து, விடைகளை அடுத்த ஆண்டு மலரில் அட்டவணையாக வெளியிடலாம்.

இரண்டாவது, எந்தக் கடையிலும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குவது. எல்லைக்கு அப்பால் பெரிய பொருள் வாங்கும்போது அதில் நம் ஊர் முகவரியை எழுதச் சொல்வது.

மூன்றாவது, வீட்டு வரியைப் பாக்கியின்றிக் கட்டுவது. கட்டாதவர் கேட்கும் கேள்விக்கு வலிமை இல்லை. கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவருக்கே விடை சொல்லியாக வேண்டும்.

வரிக்கு ஈடான பயன் கிடைக்கிறதா என்ற கேள்விக்கு என் விடை இது: பணத்துக்கு ஈடாகப் பணி ஓரளவு வருகிறது, வரிக்கு ஈடாக உரிமை வரவில்லை. இலவசமாக எதையாவது பெறும்போது நாம் வாங்குபவர்கள். கணக்குக் கேட்கும்போதுதான் குடிமக்கள். அப்படிக் கேட்கும் பழக்கம் கல்லூரியில் தொடங்குமானால், ஊருக்குப் போய்ச் சேர நெடுங்காலம் ஆகாது.